"கேள்வி எழவில்லை" என்று எழுதுவதற்கு முன்: நாடாளுமன்ற எழுத்துப்பூர்வ பதில்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்களவை கூடும் நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 நட்சத்திரக் குறியில்லாத கேள்விகளும் பட்டியலில் ஏறுகின்றன. மாநிலங்களவையில் அந்தக் கணக்கு 15, 160. அமைச்சர் எழுந்து பதில் சொல்வதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அது முதல் வகையில் ஒரு சில மட்டும். கேள்வி நேரம் முடிந்ததும் அந்த வகையில் எஞ்சியவையும் எழுத்துப்பூர்வ பதிலாகவே அவையில் வைக்கப்பட்டுவிடும். இரண்டாம் வகைக்கு முதலிலிருந்தே தாள்தான்.

தாளில் வரும் பதிலுக்குத் துணைக் கேள்வி கிடையாது. அமைச்சர் ஒரு விவரத்தை விழுங்கிவிட்டால், எதிர்க்கட்சி உறுப்பினர் அங்கேயே மடக்கிக் கேட்க வழியில்லை. இதனாலேயே எழுத்துப்பூர்வ பதிலை வசதியாக நழுவும் இடமாக நினைக்கும் பழக்கம் அமைச்சகங்களில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் வாய்மொழிப் பதிலைவிட நீண்ட ஆயுள் இந்தத் தாளுக்குத்தான். நாடாளுமன்ற இணையதளத்தில் அது தங்கிவிடும். அடுத்த கூட்டத்தொடரிலும் நீதிமன்ற மனுவிலும் தேர்தல் மேடையிலும் கேள்வி எண்ணோடும் தேதியோடும் எடுத்துக் காட்டப்படும். வரைவு எழுதும் பிரிவு அலுவலரிலிருந்து ஒப்புதல் தரும் அமைச்சர் வரை திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை இங்கே பார்ப்போம். கேட்பவர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. அவை பிற்பகுதியில்.

நான்கு உட்பிரிவுக்கு ஒரே பத்தி

இதுதான் எல்லாவற்றிலும் பரவலானது. ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்:

(அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் இத்திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை, ஆண்டுவாரியாக;
(ஆ) அதில் விடுவிக்கப்பட்ட தொகை;
(இ) நிலுவை இருப்பின் அதற்கான காரணங்கள்;
(ஈ) நிலுவை எப்போது விடுவிக்கப்படும்?

வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்: "(அ) முதல் (ஈ) வரை: இத்திட்டம் மாநிலங்களுடன் இணைந்து செயல்படுத்தப்படுகிறது. நிதி விடுவிப்பு ஒரு தொடர் நடைமுறை. பயன்பாட்டுச் சான்றிதழ் உள்ளிட்ட ஆவணங்களை மாநிலங்கள் அளிப்பதைப் பொறுத்து நிதி விடுவிக்கப்படுகிறது. விவரம் இணைப்பில் உள்ளது." இணைப்பைப் புரட்டினால் எல்லா மாநிலங்களுக்கும் 'விடுவிக்கப்பட்டது' என்ற ஒரே நெடுவரிசைதான் இருக்கும். ஒதுக்கீடு இல்லை, நிலுவை இல்லை, தேதி இல்லை. (ஆ)வுக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது, மற்ற மூன்றும் காணாமல் போயின.

பிரிவுகளைச் சேர்த்து எழுதுவதே தவறு என்று சொல்ல மாட்டோம். இரண்டு பிரிவுகள் உண்மையிலேயே ஒரே விஷயத்தைக் கேட்டால் சேர்க்கலாம். எண், காரணம், காலவரையறை ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் கூடாது. சரியான பதிலில் (இ)க்கு நேராக எந்த ஆவணம் வரவில்லை, அதை மாநிலத்திடம் எந்தத் தேதியில் கேட்டோம் என்பது இருக்கும். (ஈ)க்கு நேராகத் தேதியோ, தேதி சொல்ல முடியாததற்கான காரணமோ இருக்கும்.

காரணத்தைச் சட்டப் பிரிவோடு சொல்ல முடியும் என்பதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 100 நாள் வேலைத் திட்டத்தில் மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச் 9 முதல் நிதி நிறுத்தப்பட்டது பற்றிக் கேட்டபோதெல்லாம், வேலை உறுதிச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் நிறுத்தப்பட்டது, மத்திய அரசின் உத்தரவுகள் பின்பற்றப்படவில்லை என்று ஊரக வளர்ச்சி அமைச்சகம் பதில் எழுதியது. அந்த முடிவு நியாயமா என்பது வேறு வழக்கு. தேதியும் பிரிவும் தாளில் இருந்ததால்தான் அதை எதிர்த்து வாதாடவே முடிந்தது.

வரைவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கேள்வியை மறைத்துவிட்டுப் பதிலை மட்டும் வேறொரு அலுவலரிடம் கொடுத்து, "கேள்வி என்னவாக இருந்திருக்கும்?" என்று எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுவது மூலக் கேள்வியோடு ஒத்துப்போகாவிட்டால் வரைவைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

"தரவு இல்லை", ஆகவே "கேள்வி எழவில்லை"

2020 செப்டம்பரில் கொரோனா காரணமாகக் கேள்வி நேரம் ரத்தானது. அந்தக் கூட்டத்தொடரில் எதிர்க்கட்சிகளுக்கு எஞ்சியது எழுத்துப்பூர்வ கேள்விகள் மட்டுமே. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று மக்களவையில் கேட்கப்பட்டது. செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் தந்த பதில்: அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்ற எண்ணிக்கை மட்டும் அமைச்சகத்திடம் இருந்தது.

அதே வாரத்தில் மாநிலங்களவையில் திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் டெரெக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் தந்த எழுத்துப்பூர்வ பதிலில், புலம்பெயர் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணித்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக இருந்தது. ஆக, முழுக் கணக்கு இல்லாவிட்டாலும் ஒரு பகுதிக் கணக்கு அரசிடமே இருந்திருக்கிறது. கேட்ட இடத்தில் அது வரவில்லை.

இங்கே இரண்டு தவறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது, "எங்கள் பிரிவில் இல்லை" என்பதை "இல்லை" என்று எழுதுவது. பதில் அமைச்சகத்தின் பெயரில் போனாலும் அவையின் முன் அது அரசின் பதில். உடன் தொடர்புடைய அமைச்சகங்களிடம் ஒரு குறிப்பு அனுப்பிக் கேட்டுவிட்டு, கிடைத்ததைச் சேர்த்து, மீதியை யார் வைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். கேள்வி முழுவதுமே வேறு அமைச்சகத்துக்குரியது என்றால், அந்த அமைச்சகத்தின் சம்மதம் பெற்று, கேள்வி வந்த ஓரிரு நாட்களுக்குள் அவைச் செயலகத்துக்குத் தெரிவித்து மாற்றிவிட வேண்டும். பதில் நாள் நெருங்கும்வரை கோப்பை வைத்திருந்தால், கடைசியில் யாரோ ஒருவர் அவசரத்தில் இரண்டு வரி எழுதுவார்.

இரண்டாவது தவறு இதைவிடக் கனமானது. கணக்கு இல்லை என்பதிலிருந்து இழப்பீடு எழவில்லை என்ற முடிவு பிறக்காது. "எழவில்லை" என்ற சொல் (அ)வுக்கு "இல்லை" என்பது பதிலாகி, (ஆ) அதை மட்டுமே நம்பி நிற்கும்போதுதான் பொருந்தும். தெரியாது என்பது வேறு, இல்லை என்பது வேறு. இறந்தவரின் வீட்டார் படிக்கக்கூடிய தாள் இது என்ற நினைவோடு எழுதினால் இந்த வேறுபாடு தானாகக் கண்ணில் படும்.

"மாநிலப் பட்டியல்" என்று நிறுத்துவது

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில், இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணங்கள் பற்றிய கேள்விக்குச் சுகாதார இணை அமைச்சர் தந்த பதில் நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, மாநிலங்கள் அளிக்கும் எண்ணிக்கையே தொகுக்கப்படுகிறது, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பிட்டு எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்பது அதன் சாரம். ஒவ்வொரு வாக்கியமும் கோப்பின்படி சரியாகவே இருக்கலாம். மருத்துவமனை வாசலில் ஆக்சிஜன் உருளைக்காக நின்ற மக்களுக்கு அது "யாரும் சாகவில்லை" என்றே ஒலித்தது.

விட்டுப்போனது ஒரே தகவல்: அப்படிக் குறிப்பிட்டு அனுப்புமாறு மாநிலங்களிடம் மத்திய அரசு கேட்டிருந்ததா? கேட்டிருந்தால் எந்தத் தேதியில், எத்தனை மாநிலங்கள் பதில் தந்தன? இந்த இரண்டு வரிகள் இருந்திருந்தால் பதிலின் பொருளே மாறியிருக்கும். அந்தக் கொதிப்புக்குப் பிறகுதான் மாநிலங்களிடம் அந்த விவரம் கேட்கப்பட்டது.

மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைச் சுட்டுவது தவறில்லை. மத்திய நிதி பாயும் திட்டமாக இருந்தால், மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தால், மத்திய முகமை தரவு திரட்டினால், அந்த அளவுக்கு மத்திய அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். "மாநிலப் பட்டியல்" என்ற சொல்லை முதல் வாக்கியத்தில் எழுதலாம், கடைசி வாக்கியமாக்கக் கூடாது.

எண்களில் நேரும் சறுக்கல்கள்

வேண்டுமென்று செய்யாமலே பதிலைப் பொய்யாக்கிவிடும் இடம் இது. ஆகவே கொஞ்சம் விரிவாக.

"கடந்த மூன்று ஆண்டுகளும் நடப்பாண்டும்" என்று கேள்வி வரும். குற்றப் பதிவுகள் நாட்காட்டி ஆண்டில் இருக்கும், செலவுக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை இருக்கும். ஒரே அட்டவணையில் இரண்டையும் '2022', '2023' என்று தலைப்பிட்டு அடுக்கினால் ஒப்பீடு தப்பாகிவிடும். 2022-23 என்றே எழுதுங்கள்.

ஒதுக்கீடு என்ற ஒரு சொல்லுக்குள் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, விடுவித்த தொகை, உண்மைச் செலவு என நான்கு எண்கள் ஒளிந்திருக்கின்றன. கேட்டது செலவாக இருக்க, பெரிய எண்ணாகத் தெரியும் பட்ஜெட் மதிப்பீட்டைக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. நடப்பாண்டு எண்ணுக்கு எந்தத் தேதி வரையிலானது என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். திட்டம் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்தத்தை ஆண்டுக் கணக்கு கேட்ட இடத்தில் வைப்பதும் இதே வகை.

லட்சமா கோடியா என்பது அட்டவணையின் தலையில் ஒருமுறை இருந்தால் போதும். ஆனால் உரையில் கோடியும் இணைப்பில் லட்சமும் வந்தால் படிப்பவர் நூறு மடங்கு தவறுவார். பதில் ஆங்கிலம், இந்தி என இரண்டு வடிவங்களில் போகிறது. கடைசி நேரத்தில் ஆங்கிலத்தில் திருத்திய எண் இந்தியில் பழையபடியே நின்றுவிடுவதுண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை மட்டும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்ப்பதுதான் நம்பகமான முறை. அதே எண்ணை முந்தைய கூட்டத்தொடரில் எப்படிக் கொடுத்தோம் என்றும் தேடிப் பார்த்துவிடுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினரின் உதவியாளர் நிச்சயம் பார்ப்பார்.

"பரிசீலனையில் உள்ளது" என்றால் அது வாக்குறுதி

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்", "இந்த விஷயம் பரிசீலனையில் உள்ளது" போன்ற சொற்றொடர்கள், அமைச்சர்கள் அவையில் தந்த வாக்கு நிறைவேறுகிறதா என்று கண்காணிக்கும் அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் இருப்பவை. மக்களவையில் இந்தக் குழு 1953 முதல் இயங்குகிறது. இந்தச் சொற்கள் பதிலில் வந்தால் அது உறுதிமொழியாகப் பதிவாகும், மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் காலநீட்டிப்புக் கேட்க வேண்டும். பழக்கதோஷத்தில் இந்தச் சொற்களை எழுதிவிட்டு, பின்பு குழுவின் முன் செயலாளர் விளக்கம் சொல்லும் நிலை வருகிறது.

இதற்குப் பயந்து எதிர்ப்புறம் சாய்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முடிவெடுக்கப்படாத விஷயத்தை "இது தொடர் நடைமுறை" என்று மழுப்புவார்கள். இது முதல் தவறைவிட மோசம் என்பது எங்கள் கருத்து. பரிசீலனையில் இருப்பது உண்மையென்றால் அப்படியே எழுதுங்கள், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து. பாதுகாப்புக் காரணத்தால் சொல்ல இயலாதென்றால் அந்தக் காரணத்தையே வெளிப்படையாகக் குறிப்பிட்டு மறுப்பதற்கு இடமுண்டு.

யார் பெயரில் போகிறது?

2023 டிசம்பர் 8 அன்று, ஹமாஸை பயங்கரவாத அமைப்பாக அறிவிக்கும் எண்ணம் உண்டா என்ற மக்களவைக் கேள்விக்கான பதில் வெளியுறவு இணை அமைச்சர் மீனாட்சி லேகியின் பெயரில் வெளியானது. அப்படியொரு பதிலில் தாம் கையெழுத்திடவில்லை என்று அவரே பொதுவெளியில் மறுத்தார். அது வி. முரளீதரன் பெயரில் வந்திருக்க வேண்டியது, தொழில்நுட்பத் திருத்தம் தேவை என்று அமைச்சகம் விளக்கியது. பல இணை அமைச்சர்கள் இருக்கும் அமைச்சகத்தில், ஒப்புதல் பெற்ற கோப்பில் உள்ள பெயரும் பதிவேற்றப்படும் தாளில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

பதில் அவையில் வைக்கப்படும்வரை அதை வெளியிடக் கூடாது என்பது மக்களவை விதி 53. முந்திக்கொண்டு செய்தியாளருக்குத் தருவது விதிமீறல்.

கேட்பவர் பக்கத் தவறுகள்

நழுவலுக்குப் பாதி இடம் கேள்வியிலேயே திறந்து வைக்கப்படுகிறது. "(அ) அரசு இதை அறிந்திருக்கிறதா, (ஆ) ஆம் எனில், விவரம், (இ) எடுத்த நடவடிக்கை" என்று சங்கிலியாகக் கோத்தால், (அ)வுக்கு "இல்லை" என்ற ஒரு சொல்லில் மற்ற இரண்டும் விழுந்துவிடும். ஒவ்வொரு பிரிவையும் தன் காலில் நிற்கும்படி எழுதுங்கள். "ஆம் எனில் விவரம்" என்பதோடு "இல்லையெனில் காரணம்" என்பதையும் சேருங்கள். "விவரம்" என்ற பொதுச்சொல்லை விட்டு எண், தேதி, ஆணை எண், மாவட்டம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மக்களவை விதி 41 தெரியாமல் கேள்வி எழுதக் கூடாது. கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், ஏளனம், பழிச்சொல் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் உள்ளதையும் ஏற்கெனவே பதில் தரப்பட்டதையும் கேட்கக் கூடாது. கோபத்தோடு எழுதிய கேள்வி செயலகத்திலேயே நின்றுவிடும், அமைச்சருக்கு அது லாபம். நோட்டீஸ் நாளையும் பதில் நாளையும் சேர்க்காமல் முழுதாக 15 நாட்கள் வேண்டும். முன்னுரிமை குலுக்கலில் முடிவாவதால், ஒரே விஷயத்தை வெவ்வேறு கோணங்களில் கட்சியின் பல உறுப்பினர்கள் கேட்பது பலன் தரும்.

பதில் தவறாக இருந்தால் நேரே ஊடகத்துக்குப் போவதோடு விட்டுவிடாதீர்கள். சபாநாயகரின் 115ஆம் வழிகாட்டுதலின்படி, பிழையைச் சான்றோடு சுட்டிச் சபாநாயகருக்கு எழுதலாம். பதில் தெளிவில்லையென்றால் விதி 55இன் கீழ் மூன்று நாள் முன்னறிவிப்புடன் அரை மணி நேர விவாதம் கேட்கலாம், எழுத்துப்பூர்வ பதிலுக்கும் இது பொருந்தும்.

அமைச்சகத்துக்கும் இதே இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பிழை தெரிந்த அன்றே திருத்த அறிக்கைக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டால், தவறு என்ற அளவோடு முடியும். ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1957இல் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் எல்ஐசி செய்த ரூ.1.24 கோடி முதலீடு நாடாளுமன்றத்தில் கேள்வியாகத்தான் தொடங்கியது. ஆளுங்கட்சி உறுப்பினரான ஃபெரோஸ் காந்தியே அதை விடாமல் பிடித்தார். நீதிபதி எம்.சி. சாக்ளா ஆணையத்தின் விசாரணைக்குப் பின் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.