காரின் குதிரைத்திறன் உண்மையா? கால் மைல் ஓட்டத்தில் நீங்களே கணக்கிடலாம்

கம்பெனி 120 பிஎஸ் (குதிரைத்திறனின் மெட்ரிக் அலகு) என்கிறது. ரீமேப் செய்த (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிய) கடைக்காரர் "இப்ப 150 வருது" என்று ஒரு டைனோ தாளை (திறனை அளக்கும் கருவியின் அறிக்கையை) நீட்டுகிறார். இரண்டையும் சோதிக்க இன்ஜினைக் கழற்ற வேண்டியதில்லை. காரின் எடையும் கால் மைல் கோட்டைத் தாண்டும்போது இருக்கும் வேகமும் தெரிந்தால் போதும்.

படி 1: எடை

பிரசுரத்தில் இருக்கும் எடையை எடுக்காதீர்கள். அதில் நீங்கள் இல்லை, டிக்கியில் கிடக்கும் சாமான்களும் இல்லை. லாரி எடை மேடைக்குப் போய், ஓட்டப்போகிறவர் உள்ளே உட்கார்ந்தபடியே எடை போட்டு, ரசீதை வாங்கி வையுங்கள். பெட்ரோல் அளவும் ஓட்டத்தன்று இருக்கப்போகிற அளவாகவே இருக்கட்டும்.

படி 2: ஓட்டம்

அனுமதி பெற்ற மூடிய தடத்தில் மட்டும் செய்யுங்கள். பொதுச்சாலை இதற்கான இடமே இல்லை. தூரம் 402 மீட்டர். ஓட்டம் முடிந்ததும் தடத்தில் தரும் ஸ்லிப்பில் (நேரச் சீட்டில்) பல எண்கள் இருக்கும். நமக்கு முக்கியம் இரண்டு: எடுத்த நேரம், முடிவுக்கோட்டில் இருந்த வேகம்.

எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்த இடம் இதுதான். எல்லோரும் நேரத்தைத்தான் பேசுவார்கள். ஆனால் நேரம் என்பது டயர் பிடிப்பு, கிளட்சை விடும் விதம், ஓட்டுநரின் கை எல்லாம் கலந்த எண். புறப்படும்போது சக்கரம் சுழன்று அரை விநாடி வீணானது என்று வையுங்கள். அந்த நேரத்தில் கார் கடந்தது சில மீட்டர்தான். மீதி தூரம் முழுவதும் இன்ஜின் வேலை செய்ய அப்படியே இருக்கிறது. அதனால் நேரம் கெட்டாலும் முடிவு வேகம் பெரிதாக மாறாது. பிடிப்பு அதிகமுள்ள பந்தய டயர் போட்டால் நடப்பதும் இதுவே: நேரம் நன்றாகக் குறையும், வேகம் கொஞ்சம்தான் மாறும். இன்ஜினைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் வேகத்தைப் பாருங்கள்.

தடத்தில் டைமிங் கருவி இல்லையா? டிராகி மாதிரி, விநாடிக்கு 10 முறை பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவியை வாங்குங்கள். போன் ஆப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான போன்கள் விநாடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கும். 134 கிமீ வேகத்தில் அந்த ஒரு விநாடிக்குள் கார் 37 மீட்டர் போய்விடும். இன்னொன்று: டிராக் ஸ்லிப்பில் வருவது கடைசி 66 அடியின் சராசரி வேகம். ஜிபிஎஸ் காட்டுவது கோட்டின் மேல் இருந்த வேகம், அதனால் சற்றுக் கூடுதலாக இருக்கும். இரண்டையும் கலக்காதீர்கள்.

படி 3: கணக்கு

அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் பவுண்டிலும் மைலிலும் நெடுநாளாகப் போடும் கணக்கை நமக்கு வசதியாக மாற்றியிருக்கிறேன்:

குதிரைத்திறன் (ஹெச்பி) = மொத்த எடை (கிலோ) × (வேகம், மணிக்கு கிமீ ÷ 289)³

எடை 1,200 கிலோ, வேகம் 134 கிமீ என்றால் விடை சுமார் 120 ஹெச்பி, அதாவது 121 பிஎஸ். (100 பிஎஸ் என்பது 98.6 ஹெச்பிதான்.) கம்பெனி சொன்னது சரி.

இப்போது ரீமேப். 150 பிஎஸ் உண்மையென்றால் இதே கார் 144 கிமீயைத் தொட வேண்டும். 137தான் வந்ததா? அப்படியானால் உங்களுக்குக் கிடைத்தது 130 பிஎஸ் அளவில்தான்.

சூத்திரத்தில் வேகம் மூன்றாம் அடுக்கில் இருப்பதால் சின்னப் பிழையும் பெரிதாகும்: 2 கிமீ தவறினால் 5 ஹெச்பிக்கு மேல் போய்விடும். ஆகவே பல ஓட்டங்கள் ஓடி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வேகங்களையே எடுங்கள். இது தோராய சூத்திரம். ஒரே காரில் முன்பும் பின்பும் ஒப்பிடத்தான் இது மிகச் சிறப்பாக உதவும்.

படி 4: டைனோ தாளைப் படிப்பது

தாளின் ஓரத்தில் எஸ்ஏஇ என்று இருக்கிறதா, எஸ்டிடி என்று இருக்கிறதா பாருங்கள். இவை அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் இரு முறைகள். ஒரே ஓட்டத்துக்கு எஸ்டிடி திருத்தம் ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். அப்புறம், சக்கரத்தில் அளந்த எண்ணா, அதோடு கியர்பாக்ஸ் இழப்பைக் கூட்டிப் போட்ட எண்ணா என்று கேளுங்கள். எத்தனை சதவீதம் கூட்டினார்கள் என்று சொல்லாத கடையின் தாளை நான் கணக்கில் எடுப்பதில்லை.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. 1971இல் ஷெவர்லே கார்வெட் காரின் எல்டி-1 இன்ஜினுக்கு 330 ஹெச்பி என்றார்கள், 1972இல் 255. வித்தியாசத்தின் பெரும்பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது: முதலில் இன்ஜினைத் தனியாக வைத்து அளந்தார்கள், பிறகு ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாட்டி. 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்று அறிவித்த ஃபோர்டு, அது வரவில்லை என்று உரிமையாளர்கள் காட்டியதும் விற்பனையை நிறுத்தி, கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. 2001 மியாட்டாவுக்குச் சொன்ன 155ஐ மாஸ்டா 142 ஆகத் திருத்தி, வேண்டாதவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது.

பின்சேர்க்கை: ரீமேப்புக்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது என்று கேட்டவர்கள் உண்டு. வெயிலைக் கவனியுங்கள். 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் அளவுக்குக் குறையும். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜினில் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். மேலே சொன்ன காரில் அது 2 கிமீ. அதிகாலை ஸ்லிப்பைப் பிற்பகல் ஸ்லிப்போடு ஒப்பிடாதீர்கள். டர்போ கார் என்றால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே பானட்டைத் திறந்து ஆறவிட்டு, அப்புறம் வரிசையில் நில்லுங்கள்.