மலைநாட்டு ஏற்றத்துக்குப் பழைய சைக்கிளைத் தயார்ப்படுத்துவது எப்படி?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மறுபடியும் சைக்கிள் ஓட்டப் போவதாகச் சொன்னால், வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி "இந்த மேட்டுலயா?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனாலும் 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் வாங்கப்பட்டு, பிறகு கொட்டிலில் சாத்தி வைக்கப்பட்ட சைக்கிள் ஒன்று உங்களிடம் இருந்தால், கீழே சொல்லும் மாற்றங்களைச் செய்து அதை மேட்டில் ஏற்றிவிடலாம். டியூப் ஒட்டுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது போன்றவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. நம் தலைமுறைக்கு அவை கைவந்தவை. நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் மட்டும் ஸ்பெனரை எடுப்பதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

நம் தந்தையர் ஓட்டிய உயரமான 28 அங்குலச் சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 48 பல்லும் பின்னால் 18 பல்லும் இருக்கும். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அந்தச் சைக்கிள் ஏறத்தாழ 5.9 மீற்றர் நகரும். செங்குத்தான ஏற்றத்தில் நம்மால் மணிக்கு 6 கிலோமீற்றர்தான் போக முடியும் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 17 சுற்றுத்தான் மிதிக்கிறோம். அதாவது ஒவ்வொரு மிதிக்கும் உடம்பின் முழுப் பாரத்தையும் முழங்காலில் இறக்குகிறோம். முன்னால் 28 பல்லும் பின்னால் 34 பல்லும் உள்ள 26 அங்குலச் சைக்கிளிலோ ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.7 மீற்றர்தான் நகர்வோம். அதே 6 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று இலேசாகக் கால் சுழலும். இனி நாம் செய்யும் வேலையெல்லாம் இந்த 34 பல்லைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

எந்தச் சைக்கிள்?

வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக் வைத்த பழைய ராலே சைக்கிள் அழகானது, ஆனால் மலைக்கு உதவாது. அதன் ரிம்மின் பக்கங்கள் உருண்டையாக இருப்பதால், பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்குக்கு அங்கே பிடிமானம் கிடையாது. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்து விற்பனையாகும் சைக்கிள்களில், இரும்புப் பிரேம் கொண்ட பழைய மவுண்டன் பைக்கையே நான் சிபாரிசு செய்வேன். முன்னால் மூன்று, பின்னால் ஏழு பற்சக்கரங்கள் இருக்கட்டும். இடுப்பும் தொடையும் பிடித்துக்கொள்ளும் வயதில், குறுக்குக் குழாய் தாழ்ந்த 'லேடிஸ்' பிரேம் கிடைத்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். அது பிரேமில் ஒட்ட வேண்டும்; ரிம்மில் ஒட்டக் கூடாது. ரிம்மில் ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பு. மழையில் நனைந்த இரும்பு ரிம்மை பிரேக் ரப்பர் பிடிக்காது. தென்மேல் பருவமழை மாதக்கணக்கில் பெய்யும் நமது பக்கத்தில் அலுமினிய ரிம்தான் பாதுகாப்பு.

கியருக்கு முன் பிரேக்

முதற்காசை இங்கே செலவிடுங்கள். முன் ஃபோர்க்கின் இருபுறமும் கட்டைவிரல் அளவு முளைகள் இருந்தால் அவற்றில் வி-பிரேக்கை (நீண்ட இரு கைகளால் ரிம்மை இருபுறமும் பிடிப்பது) பொருத்தலாம். குட்டைக் கைகள் உள்ள பழைய கன்டிலீவர் பிரேக்கைக் கழற்றி வி-பிரேக் போடுகிறவர்கள் கைப்பிடி லீவரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய லீவர் குறைவான வயரையே இழுப்பதால், ரப்பர் ரிம்மை இறுகப் பிடிப்பதற்குள் லீவர் ஹாண்டிலைத் தொட்டுவிடும். உள் வயரையும் அதன் உறையையும் புதிதாகவே போடுங்கள்; இதில் மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

ப்ரீவீலைக் கழற்றுதல்

பெரும்பாலோர் கைவிடும் இடம் இது. ப்ரீவீல், அதாவது பின்பக்கப் பற்சக்கரத் தொகுதி, சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பில் மரை போட்டு ஏறியிருக்கும். ஏற்றத்தில் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்கியிருக்கும். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டினால் அலுமினிய ஹப்தான் கெடும். அதற்கென்றே உள்ள கழற்றி வேண்டும். பழைய வகைகளில் இரண்டு அல்லது நான்கு வெட்டுகள் இருக்கும். பிந்திய ஷிமானோவில் உள்ளே வட்டமாகப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். எது என்று பார்த்த பிறகே கழற்றியை வாங்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றி, அச்சு நட்டை எடுத்துவிட்டு, கழற்றியை உள்ளே முழுதாக இறக்குங்கள். பிறகு அதே நட்டை மறுபடி போட்டு, கழற்றி வழுக்கி வெளியே வராதபடி விரலால் மட்டும் இறுக்குங்கள். முந்திய இரவே மரையில் எண்ணெய் விட்டு வைத்தால் நல்லது. இதற்குக் கைப்பிடி ஸ்பெனர் போதாது, மேசையில் பூட்டிய இறுக்குப்பிடியான வைஸ் அவசியம். எனக்குத் தோட்டத் தொழிற்சாலையின் பட்டறை கைகொடுத்தது. "கையால முடியாது சேர், சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி திருப்புங்க" என்றார் அங்கிருந்த பிட்டர். கழற்றியை வைஸில் கடிக்க வைத்தால் சக்கரம் மேலே படுத்தபடி இருக்கும். ரிம்மை இரு கைகளாலும் அகலப் பிடித்து, மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்புங்கள். 'டக்'கென்று ஓர் அதிர்வோடு அது விடும். விட்டவுடன் நிறுத்தி அச்சு நட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தாமல் தொடர்ந்து திருப்பினால் அச்சின் மரை போய்விடும்.

புதிய 14–34 ப்ரீவீலை ஏற்றும்போது மரையில் தாராளமாகக் கிறீஸ் பூசி, கையால் மட்டும் திருகுங்கள். முதலில் சற்றுப் பின்பக்கமாகச் சுழற்றி, மரை சரியாக விழுந்த பிறகு முன்பக்கம் திருகினால் கோணலாக ஏறாது. மீதி இறுக்கத்தை உங்கள் மிதியே பார்த்துக்கொள்ளும்.

செயினும் டிரெய்லரும்

34 பல்லைத் தாங்குவதற்கு நீண்ட கை உள்ள பின் டிரெய்லர் (derailleur, செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் மாற்றும் கருவி) தேவை. ஷிமானோ டூர்னி போதும், விலையுயர்ந்ததைத் தேட வேண்டாம். புதிய செயினை டிரெய்லருக்குள் விடாமல் முன் பெரிய பற்சக்கரத்தையும் பின் பெரிய பற்சக்கரத்தையும் சுற்றிப் பிடித்து, அந்த அளவுக்கு மேல் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். பழைய செயினின் நீளத்தைப் பார்த்து வெட்டினால் குட்டையாகிவிடும். டிரெய்லரில் 'எல்' என்று குறித்த திருகாணியைச் சரிசெய்து, செயின் 34 பல்லைத் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் விழாது என்பதைச் சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

உட்காரும் விதம்

நேர் ஹாண்டிலைக் கழற்றிவிட்டுப் பின்னோக்கி வளைந்ததைப் போட்டால் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இதம். பிடிக்கும் இடத்தில் இரண்டும் 22.2 மில்லிமீற்றர் என்பதால் லீவர்கள் அப்படியே ஏறும். ஹாண்டிலைத் தாங்கும் தண்டை உயர்த்தும்போது அதில் கோடிட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம். சீட்டின் உயரத்துக்கு, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும் என்பதே அளவு.

எங்கே தொடங்குவது?

நுவரெலியாவில் இருப்போருக்குக் கிரகரி வாவியோரம் இருக்கிறது. ஹட்டன் பக்கத்தவர்களுக்குக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டிய வீதி இருக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டி வளைந்து செல்லும் வீதிகளில் ஏற்றம் குறைவு. நானுஓயா–ரதெல்ல குறுக்குப் பாதையை விட்டுவிடுங்கள். பெரிய வாகனங்களே பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளான இறக்கம் அது. மற்ற இறக்கங்களிலும் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவு கடந்ததும் விட்டுவிட்டால் ரிம் சூடேறாது.

பிற்சேர்க்கை

கழற்றி பொருந்தவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர்களின் சக்கரத்தில் இருப்பது ப்ரீவீலாக இல்லாமல், மரை இல்லாமல் ஹப்பில் செருகிப் பூட்டிய கசெட்டாக இருக்கலாம். பற்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுழற்றி, கழற்றி பொருந்தும் வரிகளைக் கவனியுங்கள். பற்களோடு சேர்ந்து அவையும் சுழன்றால் அது கசெட். சுழலாமல் நின்றால் ப்ரீவீல். கசெட்டுக்கு வேறு கழற்றியும், பற்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் செயின் சாட்டையும் வேண்டும். வைஸ் தேவைப்படாது.