பழைய கண்டென்சர் மைக்: பவர் எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடிப்பது

இது எழுபதுகளைச் சேர்ந்த எஃப்.இ.டி. (வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் உள்ள) மைக்குகளுக்கு, அதாவது மிக்ஸரிலிருந்து மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரில் ஓடுபவற்றுக்கு மட்டும். வால்வு மைக் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக் கை வைக்க வேண்டாம். அவற்றின் பவர் பெட்டிக்குள் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

என்னிடம் வந்த மைக்கில் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிதாக, கரகரப்போடு வந்தது. முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். மைக்கைக் கழற்றிவிட்டு, கேபிளின் மைக் முனையில் உள்ள மூன்று பின்களில் 1-க்கும் 2-க்கும் இடையே, பிறகு 1-க்கும் 3-க்கும் இடையே அளக்க வேண்டும். இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள், ஏறத்தாழ ஒரே அளவு வந்தால் சரி. ஒன்றில் மட்டும் இல்லையென்றால் மைக்கைத் திறக்கவே தேவையில்லை.

அப்புறம் மைக்கைச் செருகி, அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். இதற்காகவே நடுவில் மூன்று கம்பிகளும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு முழ நீளக் கேபிள் செய்து வைத்திருக்கிறேன். ஃபாண்டம் பவர் இரண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 3.4 கிலோ. ஆகவே எத்தனை வோல்ட் குறைகிறதோ அதை 3.4-ஆல் வகுத்தால் மைக் எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வந்துவிடும். என் மைக்கின் கையேட்டில் 0.5 மில்லிஆம்பியர், அதன்படி 46 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். மீட்டர் காட்டியது 29. மைக் கிட்டத்தட்ட ஐந்தரை மில்லிஆம்பியர் இழுக்கிறது, எங்கோ ஒழுகுகிறது!

இங்கேயே நிதானமாக யோசித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். நான் நேராகக் காப்ஸ்யூலுக்கு, அதாவது ஒலியை வாங்கும் சவ்வுள்ள பகுதிக்கு, போகும் கம்பியில் மீட்டரை வைத்தேன். 0.2 வோல்ட் கூட இல்லை. 'காப்ஸ்யூலுக்குப் பவரே போகவில்லை, அதற்கு முன்னால் இருக்கும் 1 ஜிகா ஓம் (ஆயிரம் மெகா ஓம்) ரெசிஸ்டர் போய்விட்டது' என்று முடிவு கட்டிவிட்டேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "ஒன் மெகாதானே சார்?" என்று தமிழிலேயே திருப்பிக் கேட்டார் ஒரு கடைக்காரர். ஆன்லைனில் வாங்கி, இரண்டு வாரம் கழித்து மாற்றினேன். மறுபடியும் அதே 0.2.

தப்பு மீட்டரில் இல்லை, என் கணக்கில். நல்ல டிஜிட்டல் மீட்டருக்கே உள்தடை 10 மெகா ஓம்தான். 1 ஜிகா ஓம் ரெசிஸ்டருக்குப் பின்னால் அதை வைத்தால், இருக்கிற வோல்ட்டேஜில் நூற்றில் ஒரு பங்குதான் மீட்டருக்குக் கிடைக்கும். முழுசாக 46 வோல்ட் போகிற மைக்கிலும் அரை வோல்ட்டுக்குக் குறைவாகத்தான் காட்டும். மலிவான மஞ்சள் மீட்டர் பலவற்றில் உள்தடை 1 மெகா ஓம். அதில் இன்னும் மோசம். அதனால் எப்போதும் அந்தப் பெரிய ரெசிஸ்டருக்கு முன்னால், ஃபில்டர் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கிடையே அளந்து பாருங்கள்.

அங்கே எனக்கு 17 வோல்ட் வந்தது. பவரை அணைத்து, அந்த டான்டலம் கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி பவர் கொடுத்தேன். கேபிள் முனையில் 46.2. ஒழுகியது அதுதான். அதே மைக்ரோஃபேரட் அளவில், 63 வோல்ட் தாங்கும் எலக்ட்ரோலைட்டிக் போட்டேன். 50 வோல்ட் கெப்பாசிட்டர் போதும் என்பார்கள். ஃபாண்டம் 52 வரை போகலாம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிளஸ், மைனஸ் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். பற்றவைக்க 25 வாட் சோல்ட்ரான் சால்டரிங் இரும்பு தாராளமாகப் போதும்.

இன்னொன்று: அந்த ஜிகா ஓம் பகுதியை நான் வெறும் விரலால் தொட்டிருந்தேன். பவர் சரியான பிறகும் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் மிச்சம் இருந்தது, மழை நாளில் கூடுதலாக. வியர்வையும், பற்றவைக்கும்போது படியும் ஃபிளக்ஸும் அங்கே கசிவுப் பாதை ஆகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டதும் அடங்கிவிட்டது. காப்ஸ்யூல் சவ்வின் பக்கம் மட்டும் அந்தக் குச்சி போகவே கூடாது.

பிற்சேர்க்கை: சென்னையிலிருந்து ஒரு வாசகர், மைக்கைச் செருகிய பிறகும் 48 வோல்ட் அப்படியே நிற்கிறது, சத்தமே இல்லை என்று எழுதியிருந்தார். மைக் எதையும் இழுக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஏதோ ஒரு ரெசிஸ்டரோ ஒட்டோ விட்டிருக்கும் என்றேன். பிறகு அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தால், மாடல் எண்ணின் கடைசியில் 'டி'. படப்பிடிப்புக்காக வந்த டி-பவர் மைக். அதற்கு 2-க்கும் 3-க்கும் இடையே 12 வோல்ட் வேண்டும். ஃபாண்டமில் அந்த இரண்டு பின்னிலும் ஒரே வோல்ட்டேஜ் இருப்பதால் அது விழிக்கவே விழிக்காது. அவருடைய மைக்கில் பழுதே இல்லை, 12 வோல்ட் பெட்டி மட்டும் தேடிக்கொண்டிருக்கிறார்.