குடியை நிறுத்தும்போது வீட்டில் நடக்கும் தவறுகள்

மாலை போட்ட அன்றே நிறுத்துகிறவர்கள் உண்டு. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்த எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. தினமும் குவார்ட்டர், அதற்கு மேல் என்று பல வருடம் குடித்தவர் மருத்துவ உதவி இல்லாமல் ஒரே நாளில் நிறுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மது மூளையை மந்தமாக்கும். தினமும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தியதும் மந்தம் போய்விடும், கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி வரும். 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டு நாள் தாண்டிய பிறகு, மூன்றாம் நான்காம் நாட்களில் வருவது இன்னும் மோசமானது. டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பது அதன் பெயர்.

அந்த நிலையில் இருப்பவர் இரவெல்லாம் தூங்க மாட்டார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். செய்துவந்த வேலையைக் கைகள் தானாகச் செய்யும்: லாரி ஓட்டுபவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார், தையல்காரர் இல்லாத துணியைத் தள்ளுவார். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போவது பல ஊர்களில் இன்றும் நடக்கிறது. காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறி உயிர் போகக்கூடிய நிலை அது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வயதானவர், கல்லீரல் பாதிப்பு உள்ளவர் ஆகியோர் வீட்டில் தானாக நிறுத்திப் பார்க்கக் கூடாது. டாக்டரைப் பார்க்கும் வரை சட்டென்று விடவும் கூடாது. ஆனால் பார்ப்பதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளோர்டயாசெபாக்சைட் போன்ற மாத்திரைகளைத் தொடங்கி, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் அதற்குப் பதிலாக லோராசெபாம் தருவது வழக்கம். அந்த ஒரு வாரத்தைத் தாண்டியும் மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டால் அது அடுத்த அடிமைத்தனமாகிவிடும். தூக்கம் சீராகச் சில வாரங்கள் ஆகும், அதை முன்பே தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

பக்கத்து கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது இன்னொரு பழக்கம். நீண்டகாலம் குடித்தவர் உடலில் தயமின் என்ற பி1 சத்து வற்றியிருக்கும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், இருக்கும் கொஞ்ச பி1-உம் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழம்பிப் பேசுவது அதன் அறிகுறிகள். குடிக்காமலே தள்ளாடுகிறார் என்றால் அலட்சியம் வேண்டாம். குளுக்கோஸ் போடுவதற்கு முன், 'பி1 ஊசி போட்டாச்சா டாக்டர்?' என்று கேட்டுவிடுங்கள்.

குடும்பங்கள் செய்வதிலேயே பெரிய தவறு, தெரியாமல் மருந்து கலப்பது. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்து விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. குடியை விட டாக்டர்கள் தரும் டைசல்பிராம் மாத்திரையையே குழம்பில் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். மது உடலில் உடைந்து அசிட்டால்டிஹைடு ஆகும், பிறகு அதுவும் உடைந்து வெளியேறும். இந்த மாத்திரை இரண்டாவது படியைத் தடுத்துவிடும். அதன் மேல் மது குடித்தால் அரை மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம். ஆகவே டைசல்பிராம் நோயாளியின் சம்மதத்தோடு, பரிசோதனைகள் முடிந்த பிறகு, வீட்டில் ஒருவர் கண்முன்னே கொடுக்க வேண்டிய மருந்து. அதைச் சாப்பிடுபவர் மது கலந்த இருமல் டானிக்கையும் அரிஷ்டத்தையும் தவிர்க்க வேண்டும். ஏமாற்றிக் கொடுத்தது தெரியவந்தால் வீட்டுச் சோற்றையே நம்ப மாட்டார், சிகிச்சைக்கும் வர மாட்டார்.

குடிக்கும் ஆசையைத் தணிக்க வேறு மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்சோன் கொடுக்கும் முன் கல்லீரலையும், அகாம்ப்ரோசேட் கொடுக்கும் முன் சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள். இவற்றை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். இருபது நாளில் 'சரியாகிவிட்டது' என்று தாமாகவே நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது.

பிராந்தியை விட்டுவிட்டு பீருக்கு மாறுவதும் நிறுத்துவதாகாது. 42.8 சதவீத குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். 7 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 36 கிராம். இரண்டு பாட்டில் பீர் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

முதல் வாரம் முடிந்ததும் குடும்பம் மூச்சு விடும். உண்மையான வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. விரதம் முடிந்து மாலையைக் கழற்றிய அன்றே பலர் கடைக்குப் போகிறார்களே, ஏன்? மாலை போட்டிருந்தபோது விடியற்காலைக் குளியல், பூஜை, சாப்பாட்டு நேரம், உடன் இருக்கும் சாமிகள் என்று நாள் முழுக்க ஒரு ஒழுங்கு இருந்தது. கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது, அதே இடத்தில் வேறெதுவும் வைக்கப்படவில்லை.

மாலை ஆறு முதல் ஒன்பது மணி வரை என்ன செய்வது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வயிறு காலியாக இருக்க விடாதீர்கள், ஐந்தரை மணிக்கே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். வேலை விட்டு வரும் வழி கடை வாசலைத் தொட்டால் வழியை மாற்றுங்கள். சம்பளத்தை நேராக வீட்டுக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆசை எழும்பினால் பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் தணியும், அந்த நேரத்துக்கு யாருக்கு போன் செய்வது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. கல்யாணம், துக்க வீடு இரண்டுக்கும் முதல் ஆறு மாதம் குடிக்காத ஒருவரோடு போய், சாப்பிட்டவுடன் கிளம்பிவிடுவது நல்லது.

ஒருமுறை சறுக்கிவிட்டால் 'போனது போச்சு' என்று தொடர்ந்து குடிப்பதும் தவறு, வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லிக் குத்துவதும் தவறு. மறுநாளே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த நேரம், யாருடன், கையில் பணம் எப்படி வந்தது என்று விவரமாகச் சொன்னால் அந்த ஓட்டையை அடைக்கலாம். சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டிருந்தால் மறுபடியும் மருத்துவ உதவியோடுதான் நிறுத்த வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாகலாம். பல மாதம் குடிக்காமல் இருந்தவர் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கத்தில் வருடங்கள் போய்விடுகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்கென்றே நடக்கிறது. போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய எண் 14446. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ அம்மாவோ முதலில் அழைத்துப் பேசலாம்.