நினைவுக்கல் நடுவது எப்படி: கோத்தகிரிச் சரிவில் ஒரே நினைவுக்கு இரண்டு கல் வெட்டிய கதை

குற்றங்களில் உயிரிழந்தவர்களுக்கும், பிழைத்து இன்றும் கோர்ட்டுக்கு அலைபவர்களுக்கும் சேர்த்து எங்கள் ஊரில் ஒரு நினைவுக்கல் நட்டோம். முதல் கல் வீணானது. அது என்னால்தான். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

முதலில் இடம். சாலையோர ஆசையை விட்டுவிடுங்கள். பொதுச் சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற நானும் இறங்கி வந்தேன். தேயிலை விவசாயி ஒருவர் தன் பட்டா நிலத்தில் ஒரு மூலையை எழுதிக் கொடுத்தார். வாய்வார்த்தை போதாது. மலைப்பகுதிக்குக் கட்டட விதிகள் தனி. உள்ளாட்சி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடித்தள வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடியுங்கள். கல்லுக்குப் பின்னால் சரளை போட்டு, தண்ணீர் வெளியேற வழி விடுங்கள். ஐப்பசி மழையில் மண் ஊறினால் கல் சாய்ந்துவிடும்.

அடுத்தது பெயர்கள். நான் தடுமாறிய இடம் இதுதான். "பெயர் இல்லாவிட்டால் அவள் இருந்ததற்கு என்ன அத்தாட்சி, தம்பி?" என்று மகளை இழந்த ஒரு தாய் கேட்டார். தாயே சம்மதித்த பிறகு என்ன தடை என்று நினைத்தேன். தடை இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. அவர் இறந்துவிட்டாலும் பாதுகாப்பு நீங்காது. உறவினர் ஒப்புக்கொண்டாலும், வெளியிடத் தேவை இருக்கிறதா என்பதை செஷன்ஸ் நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்டவர்களுக்காகப் பெயருக்குப் பதில் ஈரிலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்து செதுக்கினோம். பக்கத்தில் ஆண்டு இல்லை, ஊர் இல்லை. சின்ன ஊரில் ஆண்டைப் போட்டாலே ஆளைச் சொன்னது போலத்தான்.

வழக்கு நடக்கும்போது 'கொலைகாரன்' என்று எவரையும் குறிக்கும் சொல் கல்லில் வரவே கூடாது.

பிறகு வாசகம். வெறும் இரங்கலாக நிறுத்தாதீர்கள். படிப்பவருக்கு உதவ வேண்டும். நாங்கள் எழுதியவை: முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் போலீஸ் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம்.

இதில் நான் செய்த அதிகப்பிரசங்கித்தனம், ஒவ்வொரு வரிக்கும் சட்டப்பிரிவு எண் சேர்த்தது. 2024 ஏப்ரலில், இழப்பீட்டுக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவான '357ஏ'யை ஆழமாக வெட்டினோம். ஜூலை 1 அன்று அதற்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்தது. இழப்பீடு அதன் 396ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. பேப்பரில் படித்திருந்தும் மண்டையில் ஏறவில்லை. கல்லில் உரிமை மட்டும் இருக்கட்டும். எண்களைத் திருகாணி போட்டுக் கழற்றக்கூடிய பித்தளைத் தகட்டில் வையுங்கள்.

எழுத்து வெட்ட உளிதான் வேண்டும் என்பேன். லேசர் கீறல் வெயிலில் பளிச்சென்று இருக்கும். மழையில் கருங்கல் நனைந்தால் மறைந்துவிடும். இங்கே மாதக்கணக்கில் நனைந்துதான் கிடக்கும். போனில் தட்டச்சு செய்யும் யூனிகோட் வாசகத்தை அப்படியே பட்டறைக்கு அனுப்பாதீர்கள். பட்டறைக் கணினியின் பழைய மென்பொருளுக்கு யூனிகோட் சரியாக வராவிட்டால், 'கெ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உண்மை அளவில் அச்செடுத்து, மூன்று பேர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே உளி விழட்டும். புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். முதல் கல்லில் 'உரிமைகள்' புள்ளி இழந்து 'உரிமைகள' ஆனது.

பிற்சேர்க்கை: கொடைக்கானலிலிருந்து ஒருவர், கல்லைப் படித்தவர்கள் இந்த உரிமைகளை எங்கே போய்க் கேட்பது என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. பித்தளைத் தகட்டில் இலவச சட்ட உதவிக்கான 15100ஐச் சேர்த்திருக்கிறோம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். எழுத்துக் குழியில் பாசி பிடிக்கிறது என்றவருக்கு: கம்பித் தூரிகை வேண்டாம். தேங்காய் நாரும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.