ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ்: பல பிராண்ட் பாக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் எங்ககிட்ட புதுசா சேந்த தம்பி ஒருத்தன் ஒரு மெஷின படுக்க வெச்சுட்டு வந்து நின்னான். என்னடா பண்ணேன்னு கேட்டா, பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நான் என்ன பண்ணேனோ அதையே வரிசை மாறாம சொல்றான். அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன். பவர் ஆஃப் பண்ணாம கைய விடாத, எழுத்து பதியற உருளை, அந்த ட்ரம்ம வெளிச்சத்துல வைக்காத, இதெல்லாம் முதல் வாரமே சொல்லித் தந்துருப்பாங்க, அத விட்டுடறேன்.

டெவலப்பர பழைய டோனர்னு நெனச்சு கொட்டறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் வயிறு எரியற விஷயம். கேனான் சின்ன பிளாக் அண்ட் ஒயிட் மெஷின்லயே தொழில் கத்துக்கிட்டு வர்ற பசங்க நெறய பேரு. அதுல பாதிக்கு மேல ஒரே பவுடர்தான், எழுத்தா பேப்பர்ல விழற டோனருக்குள்ளயே இரும்புச்சத்து கலந்திருக்கும், மேக்னட் ரோலர்ல அதுவே ஒட்டிக்கும். பழைய டோனர் கட்டியாயிடுச்சுன்னா கொட்டிட்டு ப்ளோயர் அடிச்சு புதுசு ஊத்துனா வேலை முடிஞ்சுது. அதே பழக்கத்துல ரிக்கோ, கொனிகா, ஷார்ப், தோஷிபான்னு போய் கைய வைக்கறாங்க பாருங்க, அங்கதான் வெனை.

அதுல இருக்கறது ரெண்டு பவுடர், ரெண்டும் கலந்ததுதான் டெவலப்பர். டெவலப்பர் யூனிட்டுக்குள்ள இருக்கற கருப்புல பெரும்பங்கு கேரியர், அதாவது பொடிப்பொடியான இரும்பு மணி. நூறு கிராம்ல நாலுலேந்து எட்டு கிராம் வரைக்கும்தான் டோனரே இருக்கும். கேரியர் டோனர ஒரசி சார்ஜ் ஏத்தி, தன் மேல ஒட்ட வெச்சு தூக்கிட்டுப் போய் ட்ரம் கிட்ட குடுக்கும். காப்பில டோனர் மட்டும்தான் போகும், கேரியர் உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். அத எடுத்துக் கொட்டிட்டா டோனர தூக்கிட்டுப் போக ஆள் கிடையாது.

நான் பண்ணது கோர்ட் எதிர்ல இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைல. ஜூன் மாசம், ஸ்கூல் தொறக்கற நேரம், சாதி சான்றிதழ், டிசி, மார்க் ஷீட்டுன்னு கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குது. காப்பி வெளிறிப் போய் வருதுன்னு கூப்பிட்டாங்க. நான் போய் யூனிட்ட கழட்டி, வாசல்ல பேப்பர் விரிச்சு, உள்ள இருந்தது எல்லாத்தையும் தட்டிட்டு டோனர நெறய ஊத்தி மாட்டிட்டேன். வெள்ளப் பேப்பர் வந்துச்சு. அப்புறம் எரர் கோட். உள்ள டோனர் அளவ கணிக்கற டிடி சென்சார் பாக்கறது இரும்பு எவ்ளோ இருக்குங்கறத, இரும்பு கொறஞ்சா டோனர் ஜாஸ்தியாயிடுச்சுன்னு அதுக்கு அர்த்தம், இரும்பே இல்லன்னா அது என்ன பண்ணும்? டோனர் சப்ளைய நிறுத்திட்டு கத்தும். நான் அது புரியாம சென்சார் போச்சுன்னு சொல்லிட்டேன். கடைக்காரர் சென்சாருக்கும் காசு குடுத்தாரு. ரெண்டு நாள் கடை ஓடல. மெஷின் முழுக்க டோனர் பறந்து லேசர் கண்ணாடி வரைக்கும் கருப்பு. கடைசில ஒரு சீனியர் அண்ணன் வந்து, குப்பைல கெடந்தத ஒரு சிட்டிகை எடுத்து பேப்பர்ல வெச்சு அடில காந்தத்த ஓட்டிக் காட்டுனாரு. முள்ளு முள்ளா எழுந்து நின்னுச்சு. "தம்பி, கை வெயிட்டு தெரியலயா? மணல் மாதிரி இருக்கு பாரு, டோனர் இப்படி இருக்காது"ன்னாரு. அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு.

காந்தத்துல ஒட்டுனா மட்டும் முடிவு கட்டாதீங்க, கேனான் டோனரும் ஒட்டும். விரல்ல தேச்சுப் பாருங்க. நரநரன்னு கனமா இருந்தா கேரியர், மாவு மாதிரி இழுவுனா டோனர். கேனான்னாலே ஒரே பவுடர்னும் நெனைக்கக் கூடாது, அவங்க பெரிய கலர் மெஷின் ரெண்டு பவுடர்தான். யூனிவர்சல் டோனர்னு பாக்கெட்ல விக்கறத கண்ண மூடிட்டு ஊத்தறதும் இதே தப்போட தம்பிதான், ரெண்டு பவுடர் மெஷினோட டோனர கேனான் சின்ன மெஷின்ல ஊத்துனா ரோலர்ல ஒட்டவே ஒட்டாது.

இதுல இன்னொரு பாதி இருக்கு. டெவலப்பர் மாத்துனதும் இனிஷியல் செட்டிங் ஓட்டணும், அதாவது இதுதான் சரியான அளவுன்னு சென்சாருக்கு சொல்லித் தரணும், பழைய ரிக்கோ அஃபிசியோ பலதுல சர்வீஸ் மெனுல எஸ்பி 2-801. பசங்க என்ன பண்றாங்க, டெவலப்பர் மாத்தாமலே காப்பி வெளுப்பா வருதுன்னு அத ஓட்டிடறாங்க. அந்த நிமிஷம் உள்ள என்ன நெலமையோ அதையே சரியான அளவுன்னு மெஷின் மனப்பாடம் பண்ணிக்கும். வெளுப்பா இருந்தா வெளுப்புதான் சரின்னு நிக்கும், டோனர் ஜாஸ்தியா இருக்கும்போது ஓட்டுனா அதே ஜாஸ்திய புடிச்சுக்கிட்டு கொட்டிக்கிட்டே இருக்கும், பேப்பர் சாம்பல் பூக்கும், வேஸ்ட் பாட்டில் நெறயும். புது டெவலப்பர் போட்டா மட்டும் ஓட்டுங்க. இல்லன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

ஹீட்டிங் கோட ரீசெட் பண்ணிட்டுக் கெளம்பறது

டோனர பேப்பர்ல உருக்கி ஒட்டற ஃப்யூசர் சூட்டுல கோளாறுன்னா வர்ற எரர் கோட் இது, கேனான்ல ஈ000, ரிக்கோல எஸ்சி 54 வரிசை, கயோசெரால சி6000. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பொதுவா போகாது, சர்வீஸ் மோடுக்குள்ள போய்தான் அழிக்கணும். ஏன் அப்படி வெச்சிருக்கான்? ஃப்யூசர் 180, 200 டிகிரில வேலை செய்யறது, பக்கத்துலயே பேப்பர் ஓடுது. யாராவது தெரிஞ்சவன் பாத்துட்டு அழிக்கட்டும்னுதான். சூட்ட அளக்கற தெர்மிஸ்டர்ல அழுக்கு ஏறியிருக்கா, ஹீட்டர் லாம்ப்ல கன்டினியூட்டி இருக்கா, சூடு மீறுனா கரண்ட்ட வெட்டற தெர்மோஸ்டாட் போயிருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாத்துட்டு அழிங்க. தெர்மோஸ்டாட்ட ஒயர் போட்டு ஷார்ட் பண்ணி ஓட்டிக் குடுத்துட்டுப் போன மெஷின நான் தொறந்து பாத்திருக்கேன், ஃப்யூசர் ஃபிலிம் கருகி, சுத்தி இருந்த பிளாஸ்டிக் இளகிப் போயிருந்துச்சு. ராத்திரி பூட்டுன கடைக்குள்ள அது பத்திருந்தா? அவசரம்னு கஸ்டமர் காலப் புடிச்சாலும் இத மட்டும் செய்யாதீங்க.

கயோசெரா ட்ரம்ம பாத்ததும் மாத்தறது

மழைக்காலத்துல எழுத்து கலங்கி, தண்ணி பட்ட மாதிரி வரும். அவங்க பெரிய மெஷின்ல இருக்கறது சிலிக்கான் ட்ரம், சீக்கிரம் தேயாது, ஆனா ஈரம் பிடிக்கும். மெனுல ட்ரம் ரெஃப்ரெஷ் இருக்கு, மொதல்ல அத ஓட்டுங்க.

புது பிளேட அப்படியே மாட்டறது

ட்ரம்ம வழிச்சு சுத்தம் பண்ற ரப்பர் பிளேடு அது, டோனர் தடவாம மாட்டுனா மடங்கிக்கும்.

பிக்அப் ரோலர தின்னர்ல தொடைக்கறது

பேப்பர இழுக்கற ரப்பர் ரோலர் அது, தின்னர் வேணாம். ஈரத்துணி போதும்.

வீட்டு வேக்யூம் கிளீனர்ல டோனர் உறியறது

அந்த ஃபில்டர்ல டோனர் நிக்காது, பின்னாடி வழியா உங்க மூக்குக்குத்தான் வரும். சட்டைல பட்டாலும் சுடுதண்ணி ஊத்தாதீங்க, பச்சத் தண்ணிதான்.

மொத காப்பி எடுக்காம மெஷின தொறக்கறது

உள்ள போனதும் ஒரு காப்பி எடுத்து, பின்னாடி தேதியும் மீட்டர் ரீடிங்கும் எழுதி, கடைக்காரர்கிட்டயே கையெழுத்து வாங்கிடுங்க. பேப்பர் ஜாம்னு கூப்பிட்டு நான் ரோலர் மட்டும் மாத்திட்டு வந்த ஒரு எடத்துல, மறுநாள் "நீங்க வந்துட்டுப் போனதுலேந்து வலது ஓரம் கோடு விழுது"ன்னு ஃபோன். ட்ரம்முக்கு நான்தான் காசு தரணுமாம். பைல இருந்த மொத காப்பிய எடுத்துட்டுப் போய் மேஜைல வெச்சேன், அதே வலது ஓரம், அதே கோடு, பின்னாடி அவரோட கையெழுத்து. டீ வாங்கித் தந்து அனுப்புனாரு.