பிக்கப் அடித்தகடு துருப்பிடிக்க நாமே வழி செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் பிக்கப்பைக் கொண்டுவந்து காட்டினார். கதவுக்குக் கீழே, சக்கர வளைவு, பின்பெட்டியின் அடி என்று எல்லா இடத்திலும் புதுக் கறுப்புக் கோட்டிங். "அண்ணே, முழுக்க நானே அடிச்சுட்டேன், இனிமே துரு கிட்ட வராது" என்றார். நான் குனிந்து, கதவுக்கடியில் இருக்கும் தகட்டின் கீழ் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். வடிகால் ஓட்டை ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. என் முதல் வண்டியில் நான் செய்த அதே தவறு. வண்டியை அடிக்கடி கழுவுங்கள், கீறல் விழுந்தால் உடனே பெயிண்ட் வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

தண்ணீர் வெளியேறும் வழியை அடைப்பது

கதவுக்கடியில் முன்சக்கரத்திலிருந்து பின்னால் வரை ஓடுவதை ராக்கர் பேனல் என்பார்கள். பார்த்தால் ஒரே தகடு மாதிரி இருக்கும், ஆனால் அது தகடுகளைச் சேர்த்து வெல்டு வைத்த ஒரு பெட்டி, உள்ளே காலி. சக்கரம் அடிக்கும் தண்ணீர் இணைப்புகள் வழியாக உள்ளே போகும். அது போகாவிட்டாலும், இரவில் தகடு குளிரும்போது உள்ளிருக்கும் காற்றே வியர்த்து நீர்த்துளியாக இறங்கும். அந்த ஈரம் வடியத்தான் அடியில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். அதை அடைத்துவிட்டால் தூசியும் தண்ணீரும் சேர்ந்து சேறாகி, காயவே காயாது.

என் வண்டிக்குக் கெட்டியான ரப்பர் கோட்டிங் அடிக்கக் கொடுத்தேன். அடித்தவர் ஓட்டையைப் பற்றிச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் கழுவும்போது பின்கதவுக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது, கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், விரல் அப்படியே உள்ளே போய்விட்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே கை நிறைய ஈரச் சேறும் அடை அடையாக உதிரும் துருவும். வெளியே இருந்த ரப்பர் மட்டும் கிழியாமல் அப்படியே இருந்தது, அதுதான் தகட்டைப் பிடித்து வைத்திருந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. ஆனால் உள்ளிருந்து வரும் துரு கொப்புளமாகக் கண்ணில் படும்போது பின்னால் இரும்பு ஏற்கெனவே போயிருக்கும். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டியதாயிற்று. கோட்டிங்குக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு செலவு, இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? டார்ச் எடுத்துக்கொண்டு படுத்து, ஓட்டைகளைத் தேடி, கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை உள்ளே அலசிவிட்டு, சில நாள் நன்றாகக் காயவிடுங்கள். வெல்டிங் வேலை இருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து உள்ளே அடிக்கப்போகும் மெழுகு தீப்பிடிக்கும். அப்புறம் கேவிட்டி வேக்ஸ், அதாவது இந்த மாதிரி மூடிய பெட்டிக்குள் அடிக்கும் மெழுகு, அதன் நீளக் குழாயை உள்ளே விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். அடியில் மெழுகு சொட்டினால் அந்த இடம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சொட்டு நின்றதும் ஓட்டைகளில் இன்னொரு முறை கம்பி விடுங்கள். வெளியே கெட்டிக் கோட்டிங் வேண்டுமென்றால் துரு இல்லாத இடத்தில் மட்டும், அதுவும் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு அடியுங்கள், பிறகு பிடுங்கிவிடலாம். கதவின் அடி விளிம்பிலும் இதே மாதிரி ஓட்டைகள் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

துருவின் மேல் பட்டி பார்ப்பது

பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி ஈரத்தை உறிஞ்சும். செய்யாதீர்கள்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்புவது

இது துருவின் மேல் பூசும் ஒரு ரசாயனம். அதிலிருக்கும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ, தகட்டோடு ஒட்டிய மெல்லிய துருவை நிலையான படலமாக மாற்றும், அவ்வளவுதான். உதிரும் துருவை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும், மேலே பெயிண்டும் வேண்டும். சுரண்டும்போது கிரைண்டரை அகலமாக ஓட்டாதீர்கள், பல வண்டிகளின் தகட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, நல்ல இடத்தில் இருப்பதையும் சேர்த்து வழித்துவிடுவீர்கள்.

ப்ரைமரோடு நிறுத்துவது

பெயிண்டுக்கு முன் அடிக்கும் சாதாரண ப்ரைமர் தண்ணீரை உள்ளே விடும். அதே வாரத்தில் மேல் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

சக்கர வளைவுக்குப் பிளாஸ்டிக் பட்டை மாட்டுவது

மாட்டலாம். ஆனால் ஸ்க்ரூவுக்காகத் துளைத்த ஓட்டையின் ஓரம் வெறும் இரும்பு, அதற்குப் பெயிண்ட் வைத்து, மெழுகும் தடவிய பிறகுதான் மாட்ட வேண்டும். வருடம் ஒருமுறை கழற்றிப் பின்னால் தங்கும் மண்ணை வழித்தெடுங்கள்.

துரு தடுக்கும் மின்கருவி

வாங்காதீர்கள். மின்சாரத்தால் துருவைத் தடுப்பது கப்பலின் அடிப்பாகத்துக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் பொருந்தும், ஏனென்றால் அவற்றைச் சுற்றிலும் தண்ணீரோ ஈரமண்ணோ எப்போதும் இருக்கிறது. வண்டி காற்றில் நிற்கிறது.

அன்று சாயங்காலமே தம்பியும் நானும் கோட்டிங்கைச் சுரண்டி ஓட்டைகளைத் தேடினோம். ஒரு பக்கத்தில் நான்கு கிடைத்தன. மூன்றாவதில் கம்பியைக் குத்தியதும் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்து, கால் டம்ளர் அளவுக்கு வந்தபிறகுதான் நின்றது. தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன், சத்தம் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது. மறுபக்கத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம்.